பேனாக்கத்தியை நாள்தோறும் உடன்வைத்துப் பழகுவது எப்படி?

பல கருவிகள் அடங்கிய பேனாக்கத்தியை ஆசையோடு வாங்கும் பலர், பை கனக்கிறது என்று சில வாரங்களிலேயே அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். ஆகவே அளவைத் தீர்மானிப்பதுதான் முதல் வேலை. 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறையே இன்றைய விக்டோரினாக்ஸ் நிறுவனம். அவர் 1897-இல் பதிவுசெய்த அதிகாரிகளின் கத்தியின் வழிவந்தவைதான் இன்றைய சிவப்புக் கைப்பிடிக் கத்திகள். அவற்றுள் 58 மி.மீ. நீளமுள்ள கிளாசிக் என்ற மாதிரி சாவிக்கொத்திலேயே தொங்கும். ஆனால் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, சுமார் 60 கிராம் எடையும் 91 மி.மீ. நீளமும் கொண்ட ஸ்பார்ட்டன். கத்தரிக்கோலும் வேண்டுமென்றால் கிளைம்பர் வாங்கலாம். அதற்கு மேல் தடித்தவற்றைத் தினமும் சுமக்க மனம் வராது.

அடுத்து, திறந்து மூடப் பழக வேண்டும். அலகில் உள்ள நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து இழுங்கள். மூடும்போது மற்ற விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி, அலகின் முதுகை உள்ளங்கையால் அழுத்துங்கள். இந்தக் கத்திகளின் அலகைத் திறந்த நிலையில் நிறுத்திவைப்பது ஸ்பிரிங்கின் இறுக்கம் மட்டுமே, பூட்டு கிடையாது. வாங்கிய புதிதில் தடித்த அட்டைப்பெட்டியில் துளையிட அலகின் நுனியைக் குத்தி அழுத்தினேன். அலகு சட்டென மடங்கி என் ஆள்காட்டி விரலைப் பதம்பார்த்தது. குத்தித் துளைக்கும் வேலைக்குப் பின்பக்கத்துத் துளையூசி இருக்கிறது; அலகு இழுத்து வெட்டுவதற்கு மட்டுமே.

டின் திறப்பானின் கொக்கியை டின்னின் விளிம்புக்கு அடியில் மாட்டி, கைப்பிடியை மேலே தூக்கினால் முனை தகட்டைக் கிழித்து இறங்கும். பிறகு சிறிது முன்னே நகர்த்தி மீண்டும் தூக்க வேண்டும். அதே முனை சிறிய திருப்புளியாகவும் பயன்படும், பல கூட்டல்குறித் திருகுகளையும் கழற்றும். ஆனால் நான் அதிகம் கையிலெடுப்பது, கைப்பிடிக்குள் செருகியிருக்கும் முள்வாங்கியைத்தான். காலில் தைத்த கருவேலமுள்ளைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, அது தைத்த சாய்விலேயே இழுத்தால் உடையாமல் வரும்.

எப்போதும் ஒரே பையில் வையுங்கள்; கை தானாகவே அங்கே போகும். விமானப் பயணமென்றால் முதல்நாள் இரவே அதை எடுத்து, சரக்கறைக்கு ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் இழக்க நேரிடும்.

நீண்ட நாள் உழைப்பது பராமரிப்பைப் பொறுத்தது. துருப்பிடிக்காத எஃகுதான் என்றாலும், எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிவிட்டு அப்படியே மடித்தால் கறை படியும், மூட்டும் இறுகும். வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்திப் பலமுறை திறந்து மூடி, நன்கு உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும். பழம் நறுக்கும் கத்தி என்பதால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினே ஏற்றது.

மழுங்கினால் சாணைக்கல்லில் ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகைச் சாய்வில், அதாவது அலகின் முதுகு கல்லிலிருந்து மூன்று நான்கு மி.மீ. உயர்ந்திருக்கும்படி வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தீட்டுங்கள். இடையிடையே செய்தித்தாளின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். தாள் கசங்காமல் பிரிந்தால் தீட்டுவதை நிறுத்திவிடலாம்.