வீட்டில் வைத்த ஆபீஸ் போன் மக்கர் செய்கிறதா? ரவுட்டரில் கை வைக்கும் முன்

ஆபீஸ் ஐபி போனை (இணையம் வழியாகப் பேசும் மேசை போன்) வீட்டுக்கு எடுத்து வந்து மாட்டியாயிற்று. ரிங் வருகிறது, எடுத்தால் சத்தமில்லை. இந்த இடத்தில் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஸ்பீடு டெஸ்ட். அதுதான் முதல் தவறும்கூட. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு காலுக்குத் தேவைப்படுவது ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் மட்டும்தான். லைன் 100 எம்பிபிஎஸ் என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. குரலுக்கு முக்கியம் தாமதம், பாக்கெட் இழப்பு, பாக்கெட்டுகள் வரும் இடைவெளி சீராக இருப்பது. ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ-வின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. ஸ்பீடு டெஸ்டில் பெரிதாகத் தெரியும் எண் இவற்றில் எதையும் சொல்லாது.

அடுத்த தவறு, "போன் சரியா வேலை செய்யல" என்று மட்டும் ஐடி டீமிடம் சொல்வது. எத்தனையாவது நொடியில் கட் ஆகிறது, யாருக்குக் கேட்கவில்லை, வரும் காலா போகும் காலா என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஏனென்றால் ஐபி போனில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறது.

பேசத் தொடங்கி சரியாக 32 நொடியில் கட் ஆகிறதா? அது லைன் பிரச்சினையே இல்லை. அழைப்பை எடுத்ததும் "எடுத்துவிட்டேன்" என்று ஒரு செய்தி போகும். அதற்கு மறுமுனையிலிருந்து ஒப்புகை வரவேண்டும். வராவிட்டால் அந்தச் செய்தி திரும்பத் திரும்ப அனுப்பப்படும். அழைப்பை ஏற்பாடு செய்யப் போன்கள் பேசிக்கொள்ளும் முறையான எஸ்ஐபி விதிப்படி அடிப்படை டைமர் அரை நொடி, அதைப்போல் 64 மடங்கு காத்திருக்க வேண்டும். ஆக 32 நொடி. அதற்குப் பிறகு காலைத் துண்டித்துவிடும். எங்கோ ஒரு செய்தியில் தவறான முகவரி எழுதப்பட்டு, ஒப்புகை வழிதவறிப் போகிறது என்று பொருள். இதற்குப் போய் இன்டர்நெட் கம்பெனியை மாற்றியவர்களும் உண்டு.

15 அல்லது 30 நிமிடத்தில் துல்லியமாகக் கட் ஆனால் சந்தேகப்பட வேண்டியது செஷன் டைமரை (கால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கடிகாரம்). அதன் வழக்கமான மதிப்பு 1800 நொடி, பாதியில் ஒருமுறை புதுப்பிப்புச் செய்தி போகும். அந்தச் செய்தியை நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்குகிறது.

போகும் கால் எல்லாம் சரி, வரும் கால் மட்டும் சில நேரம் வருவதில்லை என்றால், வீட்டு ரவுட்டர் போனை மறந்துவிடுகிறது. போன் வெளியே பேசும்போது ரவுட்டர் ஒரு யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட்டை அனுப்பும் முறை) பாதையைத் திறந்து வைக்கும். சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் மூடிவிடும். அந்தப் பாதை 2 நிமிடமாவது திறந்திருக்க வேண்டும் என்பது இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 4787 சொல்வது. ஆனால் 30 நொடியிலேயே மூடும் ரவுட்டர்கள் ஏராளம். போனோ 3600 நொடிக்கு ஒருமுறைதான் சர்வரில் பதிவைப் (நான் இந்த முகவரியில் இருக்கிறேன் என்ற தகவல்) புதுப்பிக்கும்படி செட் ஆகியிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் வரும் கால் ரவுட்டர் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பாதை மூடாமலிருக்க அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் போனின் கீப்-அலைவ் வசதியை 20 அல்லது 25 நொடிக்கு வைத்தால் போதும். இதற்காகப் பதிவு நேரத்தையே 30 நொடிக்குக் குறைப்பார்கள் சிலர். ஒரு போனுக்கு ஓடும். நூற்றுக்கணக்கான போன்களுக்கு அப்படிச் செய்தால் சர்வர் பதிவு போடுவதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருக்கும்.

உதவுகிறேன் என்று கெடுக்கும் ஏஎல்ஜி

ஒருவர் பேசுவது மட்டும் கேட்கும், மற்றவருக்குச் சத்தமே வராது. வீட்டிலிருந்து வேலை செய்வோரின் மிகப் பெரிய தலைவலி இதுதான். அழைப்பை ஏற்பாடு செய்யும் எஸ்ஐபி வேறு, குரலைச் சுமக்கும் ஆர்டிபி வேறு. இரண்டும் தனித்தனிப் பாதையில் போகின்றன. குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று போன் எஸ்ஐபி செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பும். அங்கே தன் வீட்டு முகவரியான 192.168 என்று தொடங்கும் எண்ணை எழுதிவிட்டால் கதை முடிந்தது. பதில் முகவரியில் "மாடி அறை" என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம் மாதிரி.

இதைத் திருத்தத்தான் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் செய்தியின் ஒரு பகுதியைத் திருத்தி இன்னொரு பகுதியை விட்டுவிடும் ரவுட்டர்கள் நிறைய. இன்றைய பெரும்பாலான போன் சர்வர்கள் முகவரி மாற்றத்தைத் தாங்களே சமாளிக்கும். நடுவில் ஏஎல்ஜி புகுந்து குழப்பினால் அவற்றின் கணக்கும் தப்பும். என் அபிப்பிராயம், வேறு எதைத் தொடுவதற்கு முன்பும் இதை அணைத்துவிட வேண்டும்.

அணைத்த கையோடு ரவுட்டரையும் போனையும் ரீஸ்டார்ட் செய்யாமல் "மாற்றமே இல்லையே" என்பதும் வழக்கமான தவறு. பழைய பாதைகள் ரவுட்டர் நினைவில் அப்படியே இருக்கும். அப்புறம், ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பின்னாலோ புது ரவுட்டர் மாற்றிய பின்னாலோ ஏஎல்ஜி மறுபடி ஆன் ஆகியிருக்கலாம். அணைக்கும் வசதியே இல்லாத ரவுட்டராக இருந்தால், மறையாக்க முறையான டிஎல்எஸ் மூலம் 5061 போர்ட்டில் (இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) இணைக்க ஐடி டீமிடம் சொல்லுங்கள். செய்தி மறையாக்கமாகிவிடுவதால் ஏஎல்ஜியால் படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. இதில் ஒரு சிக்கல்: போனின் தேதி தவறாக இருந்தால் சர்டிஃபிகேட் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படலாம். போனின் நேர சர்வர் அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

போர்ட் திறக்கும் ஆசை

ஒன்றும் சரிவரவில்லை என்றதும் வீட்டு ரவுட்டரில் எஸ்ஐபியின் வழக்கமான 5060 போர்ட்டைத் திறந்துவிடுவது, இல்லையென்றால் போனை அப்படியே டிஎம்இசட்டில் (ரவுட்டரின் காவல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்த இடம்) வைப்பது. தயவுசெய்து வேண்டாம். வீட்டுப் போன் தானே வெளியே போய்ப் பதிவு செய்கிறது. பொதுவாக அதற்கு உள்ளே வரும் போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லை. திறந்தால், இணையம் முழுக்க 5060-ஐத் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்கள் உங்கள் போனையும் தட்டும். நள்ளிரவில் 100, 1000 போன்ற எண்களிலிருந்து ரிங் வரும், எடுத்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆபீஸ் பக்கம் சர்வர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு இதற்கு நேரெதிர். 5060-ஐ மட்டும் அனுமதித்துவிட்டு, குரலுக்கான ஆர்டிபி போர்ட்டுகளை மறந்துவிடுவார்கள். ஆஸ்டிரிஸ்க் என்ற போன் சர்வர் மென்பொருளில் அவற்றின் வழக்கமான எல்லை 10000 முதல் 20000 வரை; மற்ற சர்வர்களில் வேறாக இருக்கும்.

ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் இருக்கிறது, 100.64 முதல் 100.127 வரையென்றால் அது ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் தன் பக்கம் பலருக்குப் பகிர்வது. கீழே உள்ள ரவுட்டரில் மட்டும் ஏஎல்ஜியை அணைத்துவிட்டு, மேலே உள்ளதில் அது ஓடிக்கொண்டிருக்க விட்டால் பயனில்லை.

ஆபீஸ் அமைப்போடு வந்த போன்

திரை எரியவே இல்லையென்றால் கவலை வேண்டாம். ஆபீஸ் சுவிட்ச் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுத்தது, வீட்டு ரவுட்டர் கொடுக்காது, அடாப்டர் வாங்குங்கள். திரை எரிந்தும் ஐபி கிடைக்கவில்லையென்றால், ஆபீஸில் குரலுக்கென்று ஒதுக்கிய விலேன் (தனி வலையமைப்புப் பிரிவு) எண் போனில் இன்னும் இருக்கலாம். அதை நீக்க வேண்டும். கோபத்தில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள். சர்வர் முகவரியும் கடவுச்சொல்லும் சேர்ந்தே போய்விடும்.

ஆபீஸ் வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் வழியாகப் போகும் போன்களில் ஒரு விசித்திரம் உண்டு: பதிவு ஆகும், ஆனால் கால் போகாது. பதிவுச் செய்தி சிறியது, கால் அழைப்புச் செய்தி பெரியது. விபிஎன்னுக்குள் இடம் குறைவதால் அது இரண்டாக உடைந்து, ஒரு துண்டு வழியில் தொலைகிறது. யூடிபிக்குப் பதில், தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபிக்கு மாற்றினாலோ, போனில் தேவையில்லாத கோடெக்குகளை நீக்கிச் செய்தியைச் சுருக்கினாலோ சரியாகிவிடும். வீட்டிலும் ஆபீஸிலும் ஒரே 192.168.1 வரிசை முகவரிகள் இருந்தாலும் விபிஎன் குழம்பும். வீட்டு வரிசையை மாற்றுவதுதான் சுலபம்.

குரல் உடைந்து உடைந்து வருவது தனிக் கதை. போனில் குரலுக்கு முன்னுரிமைக் குறியீடு 46 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். இணைய நிறுவனத்தின் வலையமைப்பு அதை மதிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. உண்மையில் நெரிசல் பெரும்பாலும் வீட்டு ரவுட்டரின் அப்லோடு வரிசையில்தான். வீட்டில் யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது பிங் நேரம் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) எகிறுகிறதா என்று பாருங்கள். எகிறினால், ரவுட்டரில் வரிசை நெரிசலைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருக்கும் பட்சத்தில் அதை ஆன் செய்து, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள்.

சோதிக்கும்போது தவறான கடவுச்சொல்லைப் பலமுறை போட்டால், சர்வர் உங்கள் வீட்டு ஐபியையே தடை செய்துவிடலாம். அதற்குப் பிறகு நீங்கள் சரியாகச் செய்யும் மாற்றங்கள்கூட வேலை செய்யாதவை போலவே தெரியும். இந்தப் பொறியில் மாட்டினால் மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக ஒரு சாஃப்ட்போனில் (ஐபி போன் போலவே இயங்கும் செயலி) அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கணக்கில் குறையில்லை. வீட்டு ரவுட்டரையோ ஐபி தடையையோ தேடலாம். அங்கேயும் ஓடவில்லையென்றால் ரவுட்டரை விட்டுவிட்டு, கால் செய்த நேரத்தை நொடி வரை குறித்து ஐடி டீமுக்கு அனுப்புங்கள். பல ஐபி போன்களின் வெப் பக்கத்திலேயே பாக்கெட் பதிவு எடுக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால், எந்த முகவரி எங்கே மாறியது என்பதை அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.