சி நெட்வொர்க் லைப்ரரியில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள் என்று பலர் ஓப்பன் சோர்ஸ் பக்கம் வர ஆசைப்படுகிறார்கள். பெரும்பாலும் வெப் ஃப்ரேம்வொர்க்கில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு அடியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், சி மொழியில் எழுதிய நெட்வொர்க் லைப்ரரிகளைத் தொடுபவர்கள் குறைவு. அங்கே ஆள் தேவை. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து ஒரு சாதாரண லேப்டாப்பில் செய்யக்கூடிய வேலையும்கூட. ஆனால் இந்த வகை லைப்ரரியில் நல்லெண்ணத்தோடு செய்யும் மாற்றம்தான் பல நேரம் அதிகச் சேதம் செய்கிறது. அதனால் இந்தக் கட்டுரை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்வரில் பத்தாயிரம் இணைப்புகள் திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரெட் வைத்தால் மெமரியும் ஷெட்யூலரும் திணறும். அதற்குப் பதிலாக ஒரே லூப் வைத்து, "எந்த சாக்கெட்டில் (இணைப்பின் முனையில்) டேட்டா வந்திருக்கிறது?" என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டு, வந்ததற்கு மட்டும் உரிய கால்பேக்கை, அதாவது லைப்ரரியைப் பயன்படுத்துபவர் முன்பே எழுதிக்கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது இன்னொரு வழி. 1999-இல் டேன் கெகல் இந்தப் பத்தாயிரம் இணைப்புச் சிக்கலை விரிவாக எழுதினார். பழைய செலக்ட், போல் அழைப்புகள் அந்த அளவுக்குத் தாங்கவில்லை. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டியில் கேக்யூ வந்தது, அப்புறம் லினக்ஸ் 2.6-இல் ஈபோல் வந்தது, விண்டோஸில் ஐஓசிபி இருந்தது. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு வழி. இவற்றையெல்லாம் ஒரே முகத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பதுதான் லிப்இவென்ட், லிப்இவ், லிப்யூவி போன்ற லைப்ரரிகளின் வேலை. மெம்கேஷ்டு, டோர், டிமக்ஸ் என்ற மூன்று நிரல்களும் லிப்இவென்ட் மேல் நிற்கின்றன. நோட் ஜேஎஸ் லிப்யூவி மேல் நிற்கிறது.

இங்கேதான் எல்லாச் சிக்கலும் பிறக்கிறது. உங்கள் மாற்றத்தை நம்பி ஓடும் நிரல்களில் பெரும்பாலானவற்றை நீங்கள் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை.

ஸ்ட்ரக்டைத் தொடுவது

புதியவர்கள் அனுப்பும் பேட்ச்களில் (கோடு மாற்றங்களில்) அடிக்கடி வருவது இது: பயன்படுத்துபவரின் நிரலும் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் ஃபைலில் உள்ள ஒரு ஸ்ட்ரக்டில், அதாவது பல விவரங்களை ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பில், புது உறுப்பு ஒன்றைச் சேர்ப்பது. கம்பைல் ஆகும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஆனால் ஏற்கெனவே கம்பைல் செய்து நிறுவிய நிரல், அந்த ஸ்ட்ரக்டுக்குப் பழைய அளவில்தான் இடம் ஒதுக்கியிருக்கும். பழைய அளவு 96 பைட், நீங்கள் சேர்த்தது 8 பைட் என்று வைத்துக்கொள்வோம். லைப்ரரி மட்டும் புதிதாக வந்ததும் அது 97-ஆவது பைட்டில் எழுதத் தொடங்கும். அந்த இடம் வேறு யாருடையதோ. நிரல் உடனே விழுந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத இடத்தில், ஒரு வாரம் கழித்து விழும். தேடுபவருக்கு உங்கள் பேட்ச் மேல் சந்தேகமே வராது.

லிப்இவென்ட் இந்தப் பாடத்தை நெடுநாள் சுமந்தது. 1.4 வரிசையில் ஈவென்ட் ஸ்ட்ரக்டின் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும். பயன்படுத்துபவரே அதற்கு இடம் ஒதுக்குவார். போதாததற்கு, எந்த லூப்பில் சேர்ப்பது என்பதை ஒரு குளோபல் மாறி தீர்மானிக்கும் பழைய அழைப்புகளும் இருந்தன. திரெட்கள் வந்ததும் அது பெரும் தலைவலி. 2010-இல் நிலைபெற்ற 2.0 வரிசை இரண்டையும் சரிசெய்ய முயன்றது. ஈவென்டை லைப்ரரியே உருவாக்கி வெறும் பாயின்டராகக் கொடுக்கும், லூப்பை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஆனால் பழைய அழைப்புகளைத் தூக்கி எறியவில்லை. தனி ஹெடர்களில் வைத்து, பழைய நிரல்கள் தொடர்ந்து கம்பைல் ஆகும்படி பார்த்துக்கொண்டார்கள். பராமரிப்பு என்று நான் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான்.

ஆகவே புது விவரம் வேண்டுமென்றால் உள்ளே மறைந்திருக்கும் ஸ்ட்ரக்டில் வையுங்கள், வெளியே ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். வெளி வடிவம் மாறியே தீரவேண்டும் என்றால் ஷேர்டு லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் மாற்றுங்கள். பழைய நிரல் பழைய லைப்ரரியோடு தொடர்ந்து ஓடட்டும். ஃபங்ஷன் திருப்பித்தரும் எர்ரர் கோடை மாற்றுவதும், இரண்டு கால்பேக்குகளின் வரிசையை மாற்றுவதும் இதே வகைதான். ஆவணத்தில் வாக்குக் கொடுக்கவில்லையே என்று வாதாடலாம். பத்து வருடம் ஒரே வரிசையில் நடந்திருந்தால் யாரோ ஒருவர் அதை நம்பித்தான் எழுதியிருப்பார்.

கால்பேக்குக்குள் என்ன நடக்கும் என்று நாமே முடிவு செய்வது

டேட்டா வந்தது, கால்பேக்கைக் கூப்பிட்டோம், திரும்பி வந்ததும் அந்த இணைப்பின் ஸ்ட்ரக்டில் ஒரு ஃப்ளாகை அழித்தோம். பார்க்கச் சாதாரணமான மூன்று வரி. ஆனால் கால்பேக்குக்குள் பயன்படுத்துபவர் அந்த இணைப்பையே மூடி, மெமரியை விடுவித்திருந்தால்? ஃப்ளாக் அழித்த இடம் விடுவித்த மெமரி. பயன்படுத்துபவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கால்பேக்குக்குள் இணைப்பை மூடுவதுதான் உலகத்திலேயே இயல்பான காரியம்.

லிப்யூவி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: மூடச் சொன்னால் உடனே முடியாது, மூடி முடிந்தது என்று லூப் தனியாக ஒரு கால்பேக் கொடுக்கும், அதற்குப் பிறகுதான் மெமரியை விடுவிக்கலாம். லிப்இவென்டில் இணைப்பைக் கையாளும் பஃபர்ஈவென்ட், ரெஃபரன்ஸ் கவுன்ட் (அந்தப் பொருளை இன்னும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) வைத்துச் சமாளிக்கிறது. கால்பேக்கைத் தள்ளிப்போடும் வசதியும் உண்டு. எந்த வழியானாலும் சரி, கால்பேக்குக்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியையும் "இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. ஈபோல் ஒரே தடவையில் பல நிகழ்வுகளைக் கொடுக்கும். முதல் நிகழ்வின் கால்பேக், 9-ஆம் எண் சாக்கெட்டை மூடுகிறது. அடுத்த நிகழ்வின் கால்பேக் புது இணைப்பை ஏற்கிறது. காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணைத்தான் கெர்னல் கொடுக்கும் என்பதால் புது இணைப்புக்கு அதே 9 கிடைக்கலாம். கையில் உள்ள பட்டியலில் மூன்றாவது நிகழ்வு பழைய 9-க்கு வந்தது. அது இப்போது புதியவருக்குப் போய்ச்சேரும். ஓர் இணைப்பு முறிந்த செய்தி, சம்பந்தமே இல்லாத வேறொருவரின் இணைப்பை முறிக்கும். சாக்கெட்டை மூடும்போதே, கையில் மிச்சம் இருக்கும் பட்டியலிலிருந்தும் அந்த எண்ணை நீக்குவதுதான் தீர்வு. அந்த நீக்கும் கோடைப் பார்த்து "இது தேவையில்லாத லூப், எடுத்துவிடலாம்" என்று சுத்தம் செய்யத் தோன்றும். எடுக்காதீர்கள். புரியாத ஒரு வரியை நீக்கும் முன், கோடு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டின் வரலாற்றில் அது எப்போது, எந்த பக்குக்காக வந்தது என்று பாருங்கள்.

டூப் செய்த, அதாவது இன்னொரு எண்ணில் பிரதி எடுத்த சாக்கெட்டிலும் கவனம் வேண்டும். ஈபோல் கண்காணிப்பது எண்ணை அல்ல, அதன் பின்னால் கெர்னலில் திறந்திருக்கும் ஃபைலை. ஒரு பிரதி மூடப்பட்டாலும் இன்னொன்று இருக்கும்வரை நிகழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். மூடும் முன் ஈபோலிலிருந்து நீங்களே நீக்கிவிடுங்கள்.

வேகம் என்ற ஆசை

"அண்ணா, எட்ஜ் ட்ரிக்கர் ஆக்கினா சிஸ்டம் கால் குறையுமே, பேட்ச் அனுப்பட்டுமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வரும். லெவல் ட்ரிக்கரில், படிக்க டேட்டா மிச்சம் இருக்கும்வரை கெர்னல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். எட்ஜ் ட்ரிக்கரில் புதிதாக வரும்போதுதான் சொல்லும். பாதி படித்துவிட்டு நிறுத்தியவருக்கு மறுபடி செய்தி வராது, இணைப்பு அப்படியே தொங்கும். ஏற்கெனவே உள்ள நிரல்கள் லெவல் ட்ரிக்கரை நம்பி எழுதியவை. வேண்டுபவர் கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதியாக அது இருக்கலாம். எல்லாருக்குமான இயல்பாக ஒரு நாளும் மாறக் கூடாது.

வேகத்தை அளக்காமல் வேகம் கூடியது என்று சொல்லாதீர்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

நம் ஊர்ச் சூழலில் சோதிக்காமல் விடுவது

லைப்ரரியைச் சோதிப்பவர்கள் நல்ல இணையமும் தடையில்லா மின்சாரமும் உள்ள இடத்தில் சோதிக்கிறார்கள். நம் மாவட்டங்களில் வேறு நிலைமை. பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில், பம்ப்செட்டை ஓட்டும் சின்ன போர்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் கடிகார பேட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்ததும் அதன் நேரம் 1970-இலிருந்தோ கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தோ தொடங்கும். இணையம் கிடைத்ததும் சரியான நேரத்துக்கு ஒரே தாவாகத் தாவும். சுவர்க் கடிகார நேரத்தை வைத்து டைமர் எழுதியிருந்தால், பத்து நிமிடம் கழித்து அடிக்க வேண்டிய டைமர் அந்த நொடியே அடிக்கும். டைமர்களுக்கு எப்போதும், இப்படித் தாவாமல் முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடானிக் கடிகாரம்தான். லினக்ஸில் அதுவும் கருவி சஸ்பெண்டில் இருந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காது. அது வேண்டுமென்றால் பூட்டைம் கடிகாரம் தனியாக இருக்கிறது.

இன்னொன்று, பாதியில் செத்த இணைப்பு. அஞ்செட்டிக் காட்டுப் பாதையில் போகும் வண்டியில் ஒரு ஜிபிஎஸ் கருவி. சிக்னல் போய்விட்டால் அது "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகாது. சர்வர் பக்கம் இணைப்பு திறந்தே இருக்கும். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இருக்கிறதே என்று நம்புபவர்கள் அதன் இயல்பு மதிப்பைப் பார்ப்பதில்லை: லினக்ஸில் முதல் சோதனைக்கே 7,200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம். அதுவும் சாக்கெட்டில் இயக்கினால்தான். லைப்ரரியில் படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனி டைம்அவுட் இருப்பது இதற்காகத்தான். "யாரும் பயன்படுத்துவதில்லை" என்று அந்தக் கோடைப் பழுது பார்க்காமல் விடுவது தவறு.

ஒரு நிரல் திறக்கக்கூடிய சாக்கெட்களின் எண்ணிக்கை எல்லையைத் தொடும் நிலையையும் சோதியுங்கள். புது இணைப்பை ஏற்க முடியாமல் பிழை வரும், ஆனால் இணைப்பு வரிசையில் காத்திருப்பதால் லூப் உடனே மறுபடி எழும். சிபியு நூறு சதவீதத்தில் சுற்றும். முன்கூட்டியே ஒரு சாக்கெட் எண்ணுக்கான இடத்தைப் பிடித்து வைத்து, நெருக்கடியில் அதை விட்டு, வந்தவரை ஏற்று உடனே மூடுவது பழைய தந்திரம்.

எல்லாக் கணினியும் லினக்ஸ் என்று நினைப்பது

விண்டோஸில் சாக்கெட் என்பது இன்ட் (சி மொழியின் சாதாரண முழு எண் வகை) அல்ல. 64 பிட்டில் அதன் அகலமே வேறு. இணைப்பு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அங்கே வரும் எர்ரர் கோடும் வேறு. பிஎஸ்டியில் ஏற்ற புது சாக்கெட், கேட்டுக்கொண்டிருந்த சாக்கெட்டின் நான்பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும்) தன்மையை எடுத்துக்கொள்ளும், லினக்ஸில் எடுத்துக்கொள்ளாது. உங்கள் கணினியில் ஓடியது போதாது. ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் மூன்று தளமும் ஓடட்டும். டொமைன் பெயரைத் தேடும் கெட்அட்ரஸ்இன்ஃபோ எல்லாத் தளத்திலும் லூப்பை நிறுத்திவைக்கும் அழைப்பு. லிப்யூவி அதைத் திரெட் பூலுக்கு அனுப்புகிறது, இயல்பாக அங்கே நான்கே திரெட்கள். லிப்இவென்ட் தனக்கென்று டிஎன்எஸ் பகுதியையே எழுதிக்கொண்டது.

நீளத்தை நம்புவது

அந்த டிஎன்எஸ் பகுதியில்தான் பின்னாளில் ஓட்டை வந்தது. பதில் பாக்கெட்டில் உள்ள பெயரைப் பிரிக்கும்போது எல்லையைத் தாண்டிப் படித்தது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சிவிஇ 2016-10195 என்று பதிவானது. அதற்கு முன் 2015 ஜனவரியில் வெளியான சிவிஇ 2014-6272, லிப்இவென்ட் டேட்டாவைச் சேர்த்துவைக்கும் ஈவிபஃபரைப் பற்றியது: மிகப் பெரிய நீளத்தைக் கொடுத்தால் கூட்டல் அளவு மீறிச் சுருண்டு, சிறிய இடம் ஒதுக்கப்பட்டு, பெரிய டேட்டா அதற்குள் எழுதப்படும். இரண்டும் பல வருடம் பலர் படித்த கோடு. கண்ணால் படித்தால் மட்டும் இவை பிடிபடாது. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு, தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கும் ஃபஸ்ஸர் ஓடவேண்டும். இரண்டு அளவுகளைக் கூட்டும் முன், கூட்டினால் அடங்குமா என்று கழித்துப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு பக் கிடைத்தால் பொது இஷ்யூவில் எழுதாமல், திட்டம் சொல்லும் பாதுகாப்பு முகவரிக்குத் தனியாக எழுதுங்கள்.

மெயின்டெய்னரைத் தனியாக விடுவது

2024 மார்ச்சில் வெளியான, எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் பின்கதவு விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும். களைத்துப்போன ஒரே பராமரிப்பாளருக்கு (மெயின்டெய்னருக்கு) உதவ வந்தவர்போல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் நஞ்சை வைத்தார். அதை இயக்கிவிடும் பில்ட் வரிகள் கிட்டில் இல்லை, வெளியீட்டு டார் ஃபைலில் மட்டும் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமானதைக் கவனித்து, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துப்புத் துலக்கினார். வெளியீட்டு டார் ஃபைலைக் கிட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கி ஒப்பிட முடிய வேண்டும். கமிட் உரிமையை, அதாவது கோடை நேரடியாக மாற்றும் உரிமையை, அவசரத்தில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. உரிமை கேட்டு மெயின்டெய்னரை நெருக்கவும் கூடாது.

புதிதாக வருபவர் முதல் நாளே இரண்டாயிரம் வரி ரீஃபாக்டர் (வேலை மாறாமல் கோடை மாற்றியமைப்பது) அனுப்பினால் அதைப் படிக்கும் சுமை அந்த ஒருவர் தலையில்தான் விழுகிறது. இன்டென்டேஷன் திருத்தத்தையும் பக் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் கலந்தால், பின்னால் எந்த கமிட்டில் பக் வந்தது என்று தேட கிட் பைசெக்ட் போடுபவர் உங்களைத் தேடுவார். ஒரு பழைய இஷ்யூவை எடுங்கள். அதை உங்கள் கணினியில் மறுபடி வரவழையுங்கள். அப்படி வரவழைக்கும் டெஸ்டை மட்டும், திருத்தம் இல்லாமல், முதல் பேட்சாக அனுப்புங்கள். பல திட்டங்களில் வருடக்கணக்காகக் கிடக்கும் இஷ்யூக்களுக்குக் குறையாக இருப்பது அந்த ஒரு டெஸ்ட்தான்.