ஒரே டிரைவர், இரண்டு ஃபர்ம்வேர்: டிவைஸ் ட்ரீக்கும் ஏசிபிஐக்கும் பொதுவாக எழுதுவது எப்படி

சேலம் அஸ்தம்பட்டியில் என் பட்டறை மேசைமேல் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் இருப்பது இன்டெல் சிப் போட்ட சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர். இரண்டிலும் லினக்ஸ்தான். இரண்டிலும் ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாக மாட்டுவது நான் செய்த ஒரே போர்டு. காப்பி உலர்த்தும் அறையின் 24 வோல்ட் விசிறி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அது அளக்கும். 14-ஐத் தாண்டினால் மணி அடிக்கும்.

மேசையில் சரியாக வேலை செய்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் மாட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் எஸ்டேட் ரைட்டர் போன் செய்தார். “தம்பி, விசிறியில சாக்கு நூல் சுத்தி இறுகிப் போச்சுங்க. மோட்டார் தொட முடியாம சுடுது. உங்க மிஷின் மூணு ஆம்பியர்னு காட்டுது, மணியே அடிக்கலைங்க.”

உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது 15 ஆம்பியர். போர்டில் கரண்டை அளக்க வைத்திருக்கும் ஷண்ட் ரெசிஸ்டர் 2 மில்லி ஓம்; அதில் விழும் வோல்ட்டேஜை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். போர்டை லினக்ஸோடு பேச வைக்கும் நிரலான டிரைவரில், வேறு மதிப்பு கிடைக்காதபோது எடுத்துக்கொள்ள நான் எழுதி வைத்திருந்த இயல்பு மதிப்பு 10 மில்லி ஓம். ராஸ்பெர்ரி பையின் டிவைஸ் ட்ரீயில், அதாவது என்னென்ன சாதனம் மாட்டியிருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் விவரக் கோப்பில், 2000 மைக்ரோ ஓம் என்று குறித்திருந்தேன், அதனால் மேசையில் கணக்கு சரியாக வந்தது. ஏற்காட்டுப் பெட்டியில் அதே வேலையைச் செய்யும் ஏசிபிஐ அட்டவணையிலும் அதே 2000-ஐ எழுதியிருந்தேன். ஆனால் டிரைவர் அதைப் படிக்கவே இல்லை. நான் அழைத்தது ‘ஓஎஃப்_ப்ராப்பர்ட்டி_ரீட்_யு32’. அதற்கு டிவைஸ் ட்ரீயைத் தவிர வேறெதுவும் தெரியாது. பிழை எண்ணைத் திருப்பித் தந்தது, நான் அதைப் பார்க்கவில்லை, 10 மில்லி ஓம் அப்படியே நின்றுவிட்டது.

இந்த இரண்டு வகை விவரிப்பு ஏன் வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். யுஎஸ்பி, பிசிஐ சாதனங்கள் தாங்கள் யார் என்று தாங்களே சொல்லிவிடும். ஐ2சி, எஸ்பிஐ சாதனங்கள் சொல்லாது. எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்பதை பெட்டியிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர்தான் சொல்ல வேண்டும். டிவைஸ் ட்ரீயின் வேர் 1994-இல் தரநிலையாக அறிவிக்கப்பட்ட ஓபன் ஃபர்ம்வேரில் இருக்கிறது; இன்று ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலும் அதுதான். ஏசிபிஐ 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்தது. பிசி உலகம் முழுக்க அது. டிவைஸ் ட்ரீயில் தகவல் மட்டும்தான். ஏசிபிஐயில் தகவலோடு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இயக்கும் குட்டி நிரல்களும் உண்டு. இந்த வித்தியாசம் பின்னால் மின்சாரம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

டிரைவர் கேட்க வேண்டியது “ஷண்ட் எவ்வளவு?” என்பதை மட்டும்தான். பதில் எந்த ஏட்டிலிருந்து வருகிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. 2015-இல் வந்த லினக்ஸ் 3.19 முதல் இதற்குப் பொது வழி இருக்கிறது: ‘டிவைஸ்_ப்ராப்பர்ட்டி_ரீட்_யு32’ குடும்பம். ‘ஓஎஃப்_’ என்று தொடங்கும் அழைப்புகளை டிரைவரில் தேடி, ஒவ்வொன்றாக இதற்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அரை நாள் வேலை.

ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. விவரிப்பில் உள்ள ஒவ்வொரு பண்பையும் எடுத்து, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எத்தனை மாதிரிகளின் சராசரி எடுப்பது போன்றவற்றுக்கு இயல்பு மதிப்பு இருக்கலாம். அளவையே மாற்றிவிடும் எண்ணுக்கு இருக்கக் கூடாது. இப்போது என் டிரைவர் ஷண்ட் மதிப்பு கிடைக்காவிட்டால் சாதனத்தைத் தொடங்கி வைக்கும் ‘ப்ரோப்’ கட்டத்திலேயே காரணம் எழுதிவிட்டு நின்றுவிடும். திரையில் எண்ணே வராவிட்டால் ரைட்டர் அன்றே கூப்பிடுவார். தப்பான எண் வந்தால் மோட்டார் எரியும் வரை யாருக்கும் தெரியாது.

அடுத்தது, சாதனத்தை டிரைவரோடு பொருத்துவது. புதிதாக ஏசிபிஐ அடையாள எண் வாங்காமலே ‘பிஆர்பி0001’ என்ற பொது அடையாளத்தைப் போட்டு, பண்புகளை எழுதும் _டிஎஸ்டி பகுதியில், சாதனம் எந்த வகை என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயின் ‘கம்பேட்டிபிள்’ பெயரையே எழுதலாம். என்னைப் போன்ற சின்னத் தயாரிப்பாளருக்கு இது பெரிய உதவி. இங்கே ஒரு குழி இருக்கிறது. டிரைவரில் உள்ள பொருத்தும் அட்டவணையை ‘ஓஎஃப்_மேட்ச்_பிடிஆர்’ மேக்ரோவுக்குள் சுற்றி வைத்திருந்தால், டிவைஸ் ட்ரீ ஆதரவு இல்லாமல் கட்டிய கர்னலில் அந்த அட்டவணை காணாமல் போய்விடும். பிஆர்பி0001-க்குப் பொருந்த எதுவும் இருக்காது. மேக்ரோவை எடுத்துவிட்டு அட்டவணையை நேராகக் கொடுங்கள். சிப்பின் வகைக்கேற்ற தகவலை ‘டிவைஸ்_கெட்_மேட்ச்_டேட்டா’ மூலம் வாங்குங்கள்.

மணி போன்றவற்றை இயக்கும் ஜிபிஐஓ கால்களை (நிரலால் ஏற்றி இறக்கும் சிப் கால்கள்) பெயர் சொல்லி ‘ஜிபிஐஓடி’ அழைப்புகள் வழியாகக் கேளுங்கள், எண் சொல்லி அல்ல. ஏசிபிஐயின் ஜிபிஐஓ வளத்தில் அந்தக் கால் எந்த நிலையில் (மேல் வோல்ட்டேஜிலா, கீழ் வோல்ட்டேஜிலா) ‘இயங்குகிறது’ என்று சொல்ல இடமில்லை. அதை _டிஎஸ்டியில் தனியாகக் குறிக்க வேண்டும். குறித்துவிட்டால் டிரைவருக்கு 1 என்றால் இயக்கு, 0 என்றால் நிறுத்து, அவ்வளவுதான். டிரைவருக்குள் தலைகீழாக்கும் வரி எழுதினால் ஒரு பெட்டியில் மணி சரியாக அடிக்கும், இன்னொன்றில் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும்.

மின்சாரமும் க்ளாக்கும் (சிப்பின் வேகத்துக்குத் தாளம் தரும் சிக்னல்) மட்டும் இரண்டு உலகிலும் ஒன்றல்ல. ஒன்று போல நடிக்கவும் வேண்டாம். டிவைஸ் ட்ரீயில் மின்சாரம் தரும் ரெகுலேட்டரையும் க்ளாக்கையும் டிரைவரே கேட்டு வாங்கி இயக்கும். ஏசிபிஐயில் சாதனத்தை எழுப்புவதும் உறங்க வைப்பதும் பெரும்பாலும் ஃபர்ம்வேரின் _பிஎஸ்0, _பிஎஸ்3 நிரல்களின் வேலை. க்ளாக்கை ‘ஆப்ஷனல்’ வகை அழைப்பால் கேளுங்கள்; இல்லையென்றால் வெறுமை வரும், அதன்மேல் செய்யும் அழைப்புகள் ஒன்றும் செய்யாமல் திரும்பும். வேகம் தெரிந்தே ஆக வேண்டுமானால் ‘க்ளாக்-ஃப்ரீக்வென்சி’ பண்பைப் படியுங்கள்.

சோதனைக்கு மலை ஏற வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் போலி செய்யும் கெமுவின் ஆர்ம்64 ‘விர்ட்’ இயந்திரத்தை யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு ஓட்டி, இரண்டு விவரிப்பையும் மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் லினக்ஸ் டிவைஸ் ட்ரீயைத்தான் எடுக்கும்; கர்னல் வரியில் ‘ஏசிபிஐ=ஃபோர்ஸ்’ போட்டால் மறுபக்கம் திரும்பும். உங்கள் டிரைவரின் அழைப்புகள் இரண்டிலும் ஒரே பதில் தருகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஷண்ட் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, இரண்டிலும் ப்ரோப் நிற்கிறதா என்றும் பாருங்கள். நான் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் திருத்திய டிரைவரோடு மறுபடி ஏற்காடு போனேன். ரைட்டர் விசிறியை ஓட்டினார், நான் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன். மீட்டரில் 9.8. ஆபீஸ் திரையிலும் 9.8. பிறகு மணி அடிக்கும் எல்லையை 9-க்கு இறக்கினோம். களத்தில் காப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு மணி அடித்தது.