பிக் பாய்க்குப் பின்னால் எந்தப் பெட்டிகள்?

அமெரிக்க ரயில் கம்பெனியான யூனியன் பசிபிக்கின் பிக் பாய் நீராவி எஞ்சின்கள் 1941 முதல் 1944 வரை கட்டப்பட்டவை. 1959-ல் வழக்கமான சரக்கு ஓட்டத்தை முடித்துக்கொண்டன. உங்கள் மாதிரி ரயிலின் பிக் பாய்க்குப் பெட்டி வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியது இந்த 18 ஆண்டுகளைத்தான்.

கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'பிஎல்டி' (BLT) என்ற குறியைத் தேடுங்கள் (பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது). பக்கத்தில் இருப்பது கட்டிய மாதமும் ஆண்டும். '7-62' என்றிருந்தால் வைத்துவிடலாம். அடுத்து கூரை. நடுவே நடைபாதைப் பலகை ஓட வேண்டும். அது இல்லாத மூடுபெட்டிகள் 1966-க்குப் பிறகு வந்தவை. பலநிறப் பட்டை ஒட்டிய பெட்டியும் வேண்டாம், அது 1967 வாக்கில் வந்த அடையாளக் குறி. பழமை மோகத்தில் ஆர்ச்பார் என்ற பழைய வகைச் சக்கரச் சட்டம் வாங்குவோரும் உண்டு. 1940களின் தொடக்கத்திலேயே அதற்குத் தடை வந்துவிட்டது.

கலவையில் 40 அடி இரும்பு மூடுபெட்டிகளே அதிகம் இருக்கட்டும், அதிலும் பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் போன்ற பிற கம்பெனிப் பெட்டிகள் கலந்து. எல்லாவற்றிலும் யூனியன் பசிபிக் முத்திரையே இருந்தால் பொம்மைக்கடை ரயில் போலத்தான் இருக்கும். கலிபோர்னியாப் பழம் கிழக்கே போகும் காட்சி வேண்டுமென்றால், பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் கம்பெனியின், ஐஸ் வைத்துக் குளிரூட்டும் ஆரஞ்சு நிறப் பெட்டிகளை வரிசையாகக் கோத்துவிடுங்கள்.

எடை குறைந்த பெட்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து தடம்புரளும். எச்ஓ என்ற மாதிரி அளவில் (1:87) 5.5 அங்குலப் பெட்டிக்குச் சுமார் 106 கிராம் தேவை.

2019-ல் மீண்டும் ஓடத் தொடங்கிய 4014 எண் பிக் பாயின் மாதிரியை வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்கு: மஞ்சள் பயணிகள் பெட்டிகள் மாட்டலாம்.