கதவணை நீரில் படகுகள் மோதாமல் செலுத்தும் முறை

பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் இடையே காவிரியைக் கடக்கும் விசைப்படகு போன்ற ஒன்றைப் புதிதாக ஓட்டப் பழகுபவர், சாலையில் படிந்த ஒரு பழக்கத்தை முதலில் கரையிலேயே விட்டுவிட வேண்டும். சாலையில் நாம் இடப்பக்கம் செல்கிறோம். நீரிலோ, 1972-இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, நேர் எதிரே வரும் இரண்டு விசைப்படகுகளும் தத்தம் வலப்பக்கம் திரும்பி விலக வேண்டும். இவை கடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவைதாம். எனினும் கதவணையில், அதாவது ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய தடுப்பணையில், தேங்கிய நீருக்கும் இவற்றையே கைக்கொள்வது நல்லது. அன்றாடம் மொபெட் ஓட்டும் கை பதற்றத்தில் இடப்பக்கமே இழுக்கும். ஒருவர் வலமும் மற்றவர் இடமும் ஒதுங்கினால், விலக நினைத்த இரண்டு படகுகளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்.

குறுக்கே வரும் படகு மோதுமா என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. திசையையும் வேகத்தையும் மாற்றாமல், அந்தப் படகைத் தொலைவில் தெரியும் பாலமலையின் ஒரு முகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது முகட்டை விட்டு முன்னோ பின்னோ தெளிவாக நகர்ந்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். அதே முகட்டுக்கு நேராக நின்றபடியே பெரிதாகிக்கொண்டு வந்தால், இரண்டும் மோதும் வழியில்தான் இருக்கின்றன. ஐயம் எழுந்தாலே ஆபத்து உண்டு என்று கொள்ள வேண்டும் என்கிறது விதி.

அப்படி வரும் விசைப்படகு உங்கள் வலப்புறம் தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். அதன் முன்னால் புகுந்து போகாமல், வேகத்தைக் குறைத்தோ வலப்பக்கம் நன்றாகத் திரும்பியோ அதன் பின்புறமாகச் செல்ல வேண்டும். சிறிது சிறிதாகத் திருப்பினால் எதிரே இருப்பவருக்கு உங்கள் எண்ணம் புரியாது. அது இடப்புறம் தெரிந்தால் நீங்கள் நேராகவும் சீராகவும் செல்லலாம். அவர் விலகவில்லை என்று தெரிந்ததும் நீங்களே விலக வேண்டும், அப்போதும் இடப்பக்கம் திருப்பலாகாது. முந்திச் செல்பவர் எப்போதும் முந்தப்படுபவருக்கு வழிவிட வேண்டும்.

பரிசலிடம் இந்தக் கணக்கு எதையும் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. முன்புறம் பின்புறம் என்று இல்லாத அந்த வட்டக் கலம், ஒற்றைத் துடுப்புக்கு எவ்வளவு கட்டுப்படுமோ அதைவிட அதிகமாக நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. நேர்கோட்டில் வரும்படி அதனிடம் எதிர்பார்க்க முடியாது. விசைப்படகு தொலைவிலேயே வேகத்தைத் தணித்து, அகலமாக விலகிப் போக வேண்டும். மோதாவிட்டாலும் படகு எழுப்பும் அலை பரிசலின் தாழ்ந்த விளிம்பைத் தாண்டி உள்ளே புகும். பரிசலுக்கும் அது விரித்த வலைக்கும் நடுவே புகுவதும் தவறு, வலை சுற்றிக்கொண்ட எந்திரம் நின்றுவிட்டால் படகு நீரின் போக்கில்தான் போகும்.

ஒலிப்பானைச் சாலையில் போல் அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, அதற்குப் பொருள் உண்டு: ஒரு குறு ஒலி வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு இடப்பக்கம், மூன்று எந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறேன், ஐந்து உன் எண்ணம் எனக்கு விளங்கவில்லை.

மேட்டூர் அணையிலிருந்து உபரிநீர் மிகுதியாகத் திறக்கப்படும்போது இங்கே படகுப் போக்குவரத்து நிறுத்தப்படும். அப்போது படகை எடுக்கவே கூடாது. இருட்டிய பின் செல்ல நேர்ந்தால் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, முன்னும் பின்னும் தெரியும்படி வெள்ளை விளக்கு எரிய வேண்டும். எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் ஒரு படகு உங்களை நோக்கியே வருகிறது. பரிசலில் செல்பவர் டார்ச் விளக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, எந்திரச் சத்தம் நெருங்குவதற்கு முன்பே அதை அந்தத் திசை நோக்கிக் காட்ட வேண்டும்.