இயங்குதளங்களின் பாதுகாப்பை ஒப்பிடுவது எப்படி?

எந்த இயங்குதளத்தில் எத்தனை ஓட்டைகள் என்ற எண்ணிக்கையைத்தான் பலரும் முதலில் தேடுகிறார்கள். அதை ஒதுக்கிவிடுவதே நல்லது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கும் குழுவினர் 2024 பிப்ரவரியில், பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடையாளமாகத் தரப்படும் சிவிஇ எண்களைத் தாங்களே வழங்கும் பொறுப்பை ஏற்று, பாதுகாப்போடு தொடர்பிருக்கக்கூடிய திருத்தங்களுக்கெல்லாம் எண் கொடுக்கத் தொடங்கியதும் பட்டியல் பெருத்ததே தவிர, லினக்ஸ் அதனால் பலவீனமாகிவிடவில்லை.

முதலில் உங்கள் பதிப்புக்கு ஆதரவு எதுவரை என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் உண்டு. ஆப்பிள் இத்தகைய தேதியை முன்கூட்டி அறிவிப்பதில்லை என்பதோடு, எல்லாத் திருத்தங்களும் பழைய மேக்ஓஎஸ் பதிப்புகளுக்கு வந்துசேர்வதும் இல்லை.

அடுத்து, திருத்தம் உங்கள் கணினியை உண்மையிலேயே வந்தடைகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒப்பீட்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே 12 அன்று பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் சிக்கிக்கொண்டன. ஆகவே தானியங்கி அப்டேட் இயங்குகிறதா, கடைசியாக எப்போது நிறுவப்பட்டது என்பதை ஒவ்வொரு கணினியிலும் பாருங்கள். உபுண்டுவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐந்தாண்டு உறுதி, உபுண்டுவை வெளியிடும் நிறுவனமே பராமரிக்கும் 'மெயின்' தொகுப்பில் உள்ள மென்பொருள்களுக்கே உரியது, தன்னார்வலர்கள் பராமரிக்கும் 'யூனிவர்ஸ்' தொகுப்பில் உள்ளவற்றுக்கு அதே உறுதி வேண்டுமானால் உபுண்டு ப்ரோ என்ற சந்தாவில் இணைய வேண்டும். இதை அறியாமலேயே பலர் லினக்ஸ் என்றால் கவலையில்லை என்கிறார்கள்.

மூன்றாவது, நிர்வாகி உரிமை. மூன்று தளங்களிலும் நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மேக்ஓஎஸும் உபுண்டுவும் முக்கிய மாற்றங்களுக்குக் கடவுச்சொல் கேட்கும் இடத்தில், விண்டோஸ் இயல்பாக 'யெஸ்' என்று ஒரு சொடுக்கோடு விட்டுவிடுகிறது. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டால் இந்த வேறுபாடு பெரிதும் குறையும்.

கணினி திருடுபோகும் சாத்தியத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வட்டில் உள்ள தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பதே குறியாக்கம். அதைச் செய்யும் மேக்கின் ஃபைல்வால்ட், விண்டோஸ் ப்ரோவின் பிட்லாக்கர் ஆகியவற்றைப் பின்னரும் இயக்கலாம். உபுண்டுவில் முழு வட்டுக் குறியாக்கத்தை நிறுவும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். தவறவிட்டால் தரவை வேறிடத்தில் சேமித்துக்கொண்டு மீண்டும் நிறுவுவதே நடைமுறை வழி.