தேன்நிற ஓக் வீடு: காசு குறைவாக இருக்கும்போது எங்கே தொடங்குவது?

ரொறன்ரோ பெரும்பாகத்தில் முதல் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு அமைவது 1980களின் கடைசியிலோ 1990களிலோ கட்டிய வீடுதான். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று எங்கே போனாலும் ஏறத்தாழ ஒரே கோலம். கதவைத் திறந்ததும் ஓக் மரப் படிக்கட்டு, சுவரின் அடியில் ஓடும் ஓக் பலகை, குசினி முழுக்கத் தேன்நிறக் கபினற், அதில் பித்தளைக் குமிழ்கள். குடிபூரலுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். "உதெல்லாம் பழசு, கழட்டி எறிஞ்சுபோட்டு வெள்ளையாய்ப் போடுங்கோ" என்பதுதான் பொதுவாக முதலில் வரும். வீட்டுக்கடனும் சொத்துவரியும் புதிதாகத் தலையில் ஏறியிருக்கிற நேரத்தில், சிரித்துத் தலையாட்டிவிட்டு அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஓக்கில் கைவைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். மற்றதெல்லாம் பிடிக்காவிட்டால் மாற்றலாம். ஓக்கில் பூசிய பெயின்றைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. ஓக்கின் இழைகளில் நீள நீளமாய்ச் சின்னக் குழிகள் உண்டு. பெயின்ற் அவற்றுக்குள் இறங்கிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளைக் கோடுகள் மிஞ்சும். அதோடு, அந்தக் காலத்துக் கபினற் கதவுகளும் சட்டங்களும் பெரும்பாலும் அசல் மரம். இன்றைக்கு அதே விலைக்கு வாங்கப் போனால் அமுக்கிய மரத்தூள் பலகைதான் கிடைக்கும்.

முதலில் கழுவுங்கள். அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் கைபிடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். முன்பு இருந்தவர்கள் பொரித்த எண்ணெயும் கை அழுக்கும் வருடக்கணக்காகப் படிந்து கறுத்திருக்கும். இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து துடைத்தாலே துணி மண்ணிறமாக வரும். அதற்கும் அசையாவிட்டால் ஹோம் டிப்போவிலோ ரோனாவிலோ ரி.எஸ்.பி. என்று கேட்டால் எண்ணெய்ப்பிசுக்கை எடுக்கும் தூள் ஒன்று தருவார்கள். கையுறை போட்டுக்கொண்டு பாவித்து, பிறகு வெறும் நீரால் இரண்டு தரம் துடைத்துவிடுங்கள். ஆனால் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மட்டும் ஓக்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டினால் கறுக்கிறதே, அதே சங்கதிதான்: ஓக்கில் துவர்ப்பு அதிகம், ஈரமும் இரும்பும் பட்டால் கறுப்புப் புள்ளி விழும்.

கழுவி முடித்தாலும் ஒரு செம்மஞ்சள் சாயல் இருக்கும். அதற்குப் பெரும் காரணம் மேலே பூசிய எண்ணெய்வகை வார்னிஷ். காலம் போகப் போக அது மஞ்சளாகிக்கொண்டே வரும். இந்தச் சாயலை அடக்குவதும் தூக்கிக் காட்டுவதும் வெளிச்சமும் சுவர் நிறமும்தான்.

மின்குமிழ்ப் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க கே (K) என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு எண் போட்டிருக்கும். 2700 என்றால் மஞ்சள் வெளிச்சம். ஓக் இன்னும் செம்மஞ்சளாகத் தெரியும். நம்மவர்கள் ரியூப் லைற் வெளிச்சத்துக்குப் பழகியவர்கள் என்பதால் 5000ஐத்தான் அள்ளிக்கொண்டு வருவோம். அதில் வெள்ளைச் சுவர் நீலம் பூத்து, அதற்குப் பக்கத்தில் மரம் கண்ணைக் குத்தும். 3000க்கும் 3500க்கும் இடையில் எடுங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும், சமைக்கிற கறியின் நிறமும் சேர்த்துத்தான். குமிழை நீங்களே மாற்றலாம். புதிதாக வயர் இழுத்து லைற் போடுவதென்றால் ஒன்ராறியோவில் மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடிப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரராக இருக்க வேண்டும்.

அடுத்தது சுவர். இந்த வீடுகளில் அடிக்கடி காணும் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறம்தான் வீட்டைக் கிழடாக்குகிறது. சுத்த நீலம் எதிர் நிறமாக நின்று செம்மஞ்சளைக் கிளப்பிவிடும், பனி வெள்ளையும் அப்படித்தான். சாம்பல் கலந்த மெல்லிய பச்சை, மஞ்சள் சாயாத பழுப்புச் சாம்பல், கொஞ்சம் சூடான வெள்ளை, இவை ஓக்கோடு சண்டை பிடிக்காது. பெயின்ற் நிறுவனமான பெஞ்சமின் மூரின் வைற் டவ், ரெவியர் பியூற்றர் இரண்டும் ஓக் வீடுகளில் பலர் பூசிய நிறங்கள். கடையில் தருகிற சின்ன அட்டையை நம்ப வேண்டாம். ஒரு மட்டையில் இரண்டு பூச்சுப் பூசி, ஓக் பலகைக்குப் பக்கத்தில் சாத்திவைத்துக் காலையிலும் இரவிலும் பாருங்கள். 3.78 லீற்றர் வாளி ஒன்று ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 350 முதல் 400 சதுர அடி வரை வரும். யாருக்கோ பிழையாகக் கலந்துவிட்ட பெயின்றைக் கடைகள் குறைந்த விலைக்கு ஒரு மூலையில் வைத்திருக்கும். நிறம் சரிவந்தால் அதிர்ஷ்டம்தான்.

மஞ்சளாகிப் போய்விட்ட ஆளி மூடிகளையும் பிளக் மூடிகளையும் அப்படியே வெள்ளையாக மாற்றிவிடுங்கள். சில்லறைக் காசு வேலை, பார்க்கிறவர்களுக்கு என்ன மாறியது என்றே தெரியாது, ஆனால் அறை புதிதாகத் தெரியும்.

கபினற் கைபிடி வாங்கும்போது அவசரப்படாதீர்கள். இரண்டு திருகாணித் துளைகளுக்கும் நடுவே அளந்துகொண்டு போங்கள். பழையவை அநேகமாக 3 அங்குலம். இப்போது கடையில் தொங்குபவை பல 96 மில்லிமீற்றர். பொருந்தாததை வாங்கினால் பழைய துளையை அடைக்க வேண்டும், அசல் மர நிறத்தில் அந்த அடைப்பு எப்படிச் செய்தாலும் தெரியும். கீலும் பித்தளையாக வெளியே தெரிந்தால் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அதே அமைப்பில் எடுங்கள். புதுக் கறுப்புக் கைபிடிக்குப் பக்கத்தில் பழைய பித்தளைக் கீல் நின்றால் செய்த செலவு வீண். கிஜிஜி விளம்பர இணையத்தளத்தையும், ஹபிராற் ஃபோர் ஹியுமானிற்றி என்ற தொண்டு அமைப்பின் ரீஸ்ரோர் கடைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் புதுசுக்குப் போங்கள். அந்தக் கடைகள் 1991இல் வினிபெக்கில் தொடங்கியவை. பிரித்தெடுத்த கதவு, விளக்கு, கைபிடி, சில வேளை முழுக் குசினியே கிடக்கும்.

படிக்கட்டில் கைப்பிடி மரத்தை அப்படியே விட்டு, அதைத் தாங்கும் கம்புகளை மட்டும் வெள்ளையாகப் பூசலாம், அல்லது கறுப்பு இரும்புக் கம்பாக மாற்றலாம். நான் பார்த்தவரை கொடுத்த காசுக்கு ஆகக்கூடிய பலன் தரும் வேலை இதுதான். மாற்றும்போது கம்புகளுக்கிடையே 100 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி வரக்கூடாது. சின்னப் பிள்ளையின் தலை போய்விடக்கூடாது என்பதற்கான விதி அது.

ஸ்காபரோவில் 1950, 60களில் கட்டிய பங்களா வாங்கியவர்கள் வேறொன்றும் செய்து பாருங்கள். உடுப்பு அலமாரிக்குள் கார்பெற்றின் ஒரு மூலையைத் தூக்கினால் அடியில் ஓக் தரை இருக்கக்கூடும். வீடு 1990க்கு முந்தியது, கூரையில் பொரிபோலப் பூச்சு இருக்கிறது என்றால் அதைச் சுரண்டத் தொடங்காதீர்கள். அதில் கல்நார் இருக்கலாம். ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகுதான் கைவைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தும் ஓக் பிடிக்கவில்லையா? சரி, பூசுங்கள். எண்ணெய்ப்பிடிப்பைக் கழுவி, 150ஆம் இலக்கச் சான்ட் பேப்பரால் பளபளப்புப் போக உரசி, தூசி துடைத்து, அரக்கிலிருந்து செய்த ஷெல்லாக் பிரைமரை அடிப்பூச்சாக அடியுங்கள். சாதாரண நீர்ப் பிரைமர் அடித்தால் ஓக்கின் துவர்ப்பு ஊறி வந்து வெள்ளையில் மஞ்சள் கறை காட்டும். ஷெல்லாக்கின் மணம் மண்டையைப் பிளக்கும், யன்னல் திறக்கக்கூடிய மாதங்களில் செய்யுங்கள். கபினற் கதவின் நடுப்பலகை சட்டத்துக்குள் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தின் வறண்ட காற்றில் அது சுருங்க, ஓரத்தில் பூசாத மரம் ஒரு கோடாக எட்டிப்பார்க்கும். அது பிழையல்ல, மரத்தின் இயல்பு. பெயின்ற் சில மணிநேரத்தில் காய்ந்தாலும் முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் மஞ்சள்தூள் தெறித்தால் கறை அப்படியே நின்றுவிடும். எங்கள் சமையலுக்கு அடுப்புப் பக்கம் வெள்ளைக் கபினற் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆள் வைத்துச் செய்வதென்றால், என்ன பிரைமர், கதவுகளைக் கழற்றிப் பூசுவாரா, எத்தனை பூச்சு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "ஓக்குக்குப் பிரைமர் தேவையில்லை அண்ணை" என்பவரை விட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். காசாகத் தந்தால் 13 வீத வரி இல்லை என்று சொல்பவர்களும் வருவார்கள். அப்படிக் கொடுத்தால் ரசீது இராது. மார்கழியில் பெயின்ற் உரியும்போது அவருடைய தொலைபேசியும் எடுபடாது.